கிறவல் மண்ணுக்குள் கிடக்கும் வரலாறு

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்பது எம்மவர் வழக்கு. செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதியில் மேற்கே செல்வோர் வயல்வெளிகளைத் தாண்டிக் கரடியனாற்றை அடைவர். அண்மையில் உறுகாமம் குளமும் உன்னிச்சைக் குளமும் இருக்கின்றன. வயல்களுக்கும் காடுகளுக்கும் நடுவே தனித்து எழுந்த மலைப்பாறைகளும் உண்டு. விவசாயிகளும் மேய்ச்சற்காரரும் வாழும் இந்தப் பிரதேசத்தின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது ஒரே ஒருநாள்தான். அதற்குக் காரணம் கல்.

2010 செப்டெம்பர் 17ஆந் திகதி, கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் கொள்கலன்களில் வைக்கப்பட்டிருந்த வெடிபொருட்கள் வெடித்தன. வீதி அமைப்பிலே ஈடுபட்டிருந்த சீன நிறுவனமொன்று பாறை உடைப்பதற்கெனக் கொண்டுவந்தவை அவை. அன்று முதலில் 60 பேர் இறந்ததாகச் செய்தி பரவியது. பின்னர் அத்தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. ஆயினும் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பதும், அவர்களுள் சீனர் இருவரும் அடங்குவர் என்பதும் உறுதி. போர் முடிந்து பதினாறு மாதங்கள் ஆகியும் அந்த ஊருக்கு வெடிச்சத்தம் ஓயவில்லை.

அந்த அனர்த்தத்தைப் பற்றி அப்போதே பலர் எழுதினர். நான் இங்கு பேச விரும்புவது கல்லைப் பற்றி. கல்லை உடைத்து வீதி போடலாம். அதே கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து வரலாறும் எழுதலாம். முதலாவதற்கு எமது நாட்டில் ஆளும் இயந்திரமும் பணமும் தாராளமாக உண்டு. இரண்டாவதற்கு யார் இருக்கிறார்கள்?

மேலைநாடுகளில் ஏரிக்கரைகளிலே அழகிய கற்களையும் உயிர்ச்சுவடுகளையும் தேடித் திரிவது பலருக்குப் பொழுதுபோக்கு. பொழுதுபோக்காகத் தொடங்கியவர்களிற் சிலர் அறிவியலுக்குப் பெரும்பணி ஆற்றியிருக்கின்றனர். எமது குளக்கரைகளில் அவ்வாறு தேடினால் என்ன கிடைக்கும் என்பது நியாயமான வினா.

கரடியனாற்றுப் பாறைகளில் உயிர்ச்சுவடு கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிழக்கிலங்கையின் அடித்தளமாக இருப்பவை புவியியலாளர் விஜயன் தொகுதி என அழைக்கும் பாறைகள். ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தோன்றி, பின்னர் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அமுக்கத்திலும் உருமாறியவை. இலையோ எலும்போ ஓடோ தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அவை பிறந்துவிட்டன. ஆனால் அப்பாறைகளை ஊடறுத்து வெள்ளை நரம்புகளாக ஓடும் படிகக்கல் உண்டு. பாறை சிதைந்து மண்ணான பின்னரும் படிகக்கல் சிதையாது. குளத்துநீர் வற்றும் ஆவணி, புரட்டாதி மாதங்களில் கரையோரக் கிறவலில் வெண்மையாக மினுங்குவது அதுதான். இருட்டில் இரண்டை உரசிப் பொறி பறக்கவிட்டு விளையாடும் பிள்ளைகளைப் படுவான்கரைக் கிராமங்களில் நான் கண்டிருக்கிறேன்.

இலங்கையில் குளமொன்றின் அயலில் உயிர்ச்சுவடு கிடைத்த கதையும் உண்டு. புத்தளத்திலிருந்து அனுராதபுரம் செல்லும் வழியில் உள்ளது தப்போவ குளம். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில், இலங்கைக் கனிய அளவைப் பணியில் இருந்த ஈ. ஜே. வேலண்ட் என்ற ஆங்கிலப் புவியியலாளர் இப்பகுதியிலே மணற்கல்லும் களிக்கல்லும் படைபடையாக இருப்பதையும், அவற்றினுள் இலைச்சுவடுகள் பதிந்திருப்பதையும் கவனித்தார். அந்தச் சுவடுகளைக் கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர் ஏ. சி. செவார்ட், ஆர். ஈ. ஹோல்ட்டம் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்து 1922இல் கட்டுரை வெளியிட்டார். அவை ஜுராசிக் காலத்துத் தாவரங்கள் என்பது அவர்களது முடிவு. டைனோசர்கள் உலவிய காலத்துப் பன்னங்களும் ஊசியிலை மரங்களும் தப்போவ மண்ணில் வளர்ந்திருந்தன!

இவை எவ்வாறு தப்பின? அமைதியான நன்னீரில் விழுந்த இலையை நுண்மண் விரைவாக மூடிவிட்டால் காற்றுப்படாமல் அது அழுகாது தப்பும். மண் இறுகிக் கல்லாகும்போது இலையின் வடிவம் அதில் நிலைக்கும். நிலவோடு பிளந்து அந்த வடிநிலம் கீழே இறங்கியமையால் அரிப்பிலிருந்தும் அது காப்பாற்றப்பட்டது. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரிலும் இவற்றை ஒத்த தாவரச் சுவடுகள் கிடைத்திருக்கின்றன. இன்று கடலால் பிரிந்து கிடக்கும் இரு கரைகளும் அன்று ஒரே பெருநிலத்தின் பகுதிகளாக இருந்தன என்பதை எந்த அரசியல்வாதியின் பேச்சையும் விட இந்த இலைகள் தெளிவாகச் சொல்கின்றன.

வேலண்ட் கற்கருவிகளையும் தேடினார். இலங்கையின் கற்காலங்கள் பற்றி 1919இல் எழுதினார். பிற்காலத்தில் சிரான் தெரணியகல அந்த ஆய்வை விரிவாக்கினார். உலர்வலயக் கரையோரச் சமநிலங்களில் அடியிலே சரளைக்கல்லும் மேலே செம்மணலுமாகக் காணப்படும் படிவுகளுக்குப் புவியியலில் வழங்கும் பெயரைக் கேட்டால் தமிழ் வாசகர்கள் வியப்படைவர். இரணைமடுப் படிவு என்பதே அப்பெயர். கிளிநொச்சி விவசாயிகளுக்குச் சோறுபோடும் அதே இரணைமடுதான். தெற்கே பூந்தலவில் இவ்வகைப் படிவுகளை அகழ்ந்த தெரணியகல, ஏறத்தாழ 125,000 ஆண்டுகளுக்கு முன்னரே இத்தீவில் மனிதர் கற்கருவி செய்து வாழ்ந்திருக்கக்கூடும் எனக் கணித்தார். அந்தச் சான்று கிடைத்தது சரளையில். எம்மவர் கிறவல் என்று சொல்லி வீதிக்குப் போடும் பொருளுக்கு நெருங்கிய உறவு.

கற்கருவி தேடிய கதை இங்கு அதற்கும் முந்தியது. 1885 அளவில் ஜோன் போல், ஈ. ஈ. கிறீன் ஆகியோர் மலைநாட்டில் படிகக்கற் துண்டுகளைப் பொறுக்கி, இவை மனிதர் செதுக்கியவை என்றனர். போல் ஒரு தேயிலைத் தோட்டக்காரர். 1907இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற ஆய்வாளர் இருவர் நில்கல குகையை அகழ்ந்து கற்கருவிகளைக் கண்டனர். நில்கல எங்கே இருக்கிறது? கரடியனாற்றின் ஊடாகச் செல்லும் பதுளை வீதி புல்லுமலை, மகாஓயா கடந்து பிபிலையை அடைகிறதல்லவா, அந்தப் பிபிலைப் பக்கத்தில். வேடர் சமூகத்தவர் நெடுங்காலம் நடமாடிய காடுகள் அங்கிருந்து மட்டக்களப்பின் மேற்கு எல்லைவரை பரந்திருந்தன.

இத்துண்டுகள் அற்பமானவை அல்ல. களுத்துறை மாவட்டத்தின் பாகியன்கலக் குகையில் கிடைத்த நுண்கற்கருவிகள் 45,000 முதல் 48,000 ஆண்டுகள் வரை பழைமையானவை என 2019இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தென்னாசியாவில் இவ்வகைக் கருவிகளுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் இவை அடங்கும்.

இயற்கையாக உடைந்த கல்லையும் மனிதர் உடைத்த கல்லையும் எவ்வாறு வேறுபடுத்துவது? தட்டிய இடத்தில் சிறு தட்டையான முகம் இருக்கும். அதன்கீழ் மெல்லிய புடைப்பு இருக்கும். ஓர் ஓரத்தில் ஒரே திசையில் வரிசையாகச் செதுக்கிய தழும்புகள் இருக்கும். படிகக்கல்லில் இவை தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே ஒரு துண்டைக் கொண்டு முடிவு சொல்வது கடினம். ஒரே இடத்தில் பல துண்டுகளும் அவற்றைச் செதுக்கிய மூலக்கல்லும் சேர்ந்து கிடந்தால் ஐயம் குறையும்.

எனவே கல்லைவிட முக்கியமானது அது கிடந்த இடம். தமிழகத்து வரலாறு இதற்குச் சான்று. ரொபேட் புரூஸ் பூட் 1863 மே 30ஆந் திகதி சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் சரளைக்குழி ஒன்றிலிருந்து கற்கோடரி ஒன்றை எடுத்தார். இந்தியத் தொல்லியலின் பழைய கற்கால ஆய்வு அன்று தொடங்கிற்று என்பர். தொடர்ந்து பல தசாப்தங்கள் அவர் சேகரித்தார். சேகரித்தவற்றை ஊர் ஊராகப் பதிவும் செய்தார். அச்சேகரிப்பை 1904இல் சென்னை அரும்பொருட்சாலை வாங்கியது. நூறாண்டு கழித்தும் ஆய்வாளர் அதைப் பயன்படுத்த முடிகிறதென்றால் அந்தப் பதிவே காரணம். இடம் தெரியாத கோடரி அலுமாரியில் வைக்கும் அழகுப்பொருள் மட்டுமே.

சட்டமும் இதைக் கருதியே இயற்றப்பட்டது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்டவை தொல்பொருட்களாகும். தம் சொந்தக் காணியிலும் அனுமதியின்றித் தொல்பொருளுக்காக அகழ எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே கண்டால் எடுக்காமல் படம்பிடித்து, இடத்தைக் குறித்து, அறிவித்தல் முறையானது.

யாருக்கு அறிவிப்பது என்று கிழக்கிலே ஒருவர் தயங்கினால் அதற்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. கரடியனாற்றுக்கு அண்மையில் குசலானமலை இருக்கிறது. அங்கே பிராமி எழுத்துச் சாசனங்கள் இருக்கின்றன. முருக வழிபாடும் நிகழ்கிறது. இவ்வாறான இடங்களில் தொல்லியல் என்ற சொல் கேட்டாலே மக்கள் காணி பறிபோகுமோ என அஞ்சுகின்றனர். 2020 ஜூனில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென அமைத்த செயலணியில், பாதுகாப்புச் செயலாளர் தலைமை வகித்தார். தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிம்களோ ஒருவரேனும் இடம்பெறவில்லை. பெரும்பான்மையாகத் தமிழ் பேசும் மக்கள் வாழும் மாகாணத்தின் பழைமையை ஆராய அவர்களில் ஒருவருக்கும் தகுதி இல்லையெனக் கருதினார்களா? அத்தகைய நடவடிக்கையின் விளைவு என்ன? வயலில் பழைய கல்லைக் காணும் கமக்காரன் அதை அறிவிக்கமாட்டான்; ஆற்றில் எறிந்துவிடுவான். இழப்பு எல்லா இனத்தவருக்கும் பொது.

ஆனால் கற்காலத்துக் கல்லுக்கு இனம் இல்லை. சிங்களமும் தமிழும் மொழிகளாக உருப்பெறுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ ஒரு வேட்டைக்காரர் செதுக்கிவிட்டுப் போன துண்டு அது. அதைக் காட்டி எவரும் காணி உரிமை கோர முடியாது. சண்டையின்றி நாம் அனைவரும் சேர்ந்து ஆராயக்கூடிய வரலாறு இத்தீவில் உண்டென்றால் அது இதுவே.

அந்த வரலாறுதான் இன்று டிப்பர் வாகனங்களில் ஏறிப் போகிறது. மட்டக்களப்பின் மேற்குப் பகுதிகளில் ஆற்றுமணலும் கிறவலும் அகழப்படுவது பற்றி ஊரவர் பலகாலமாக முறையிட்டு வருகின்றனர். அவர்களது கவலை கிணற்றுநீரும் வயல்வரம்பும் பற்றியது, நியாயமான கவலை. அதனுடன் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கிறவற் குழியின் வெட்டுமுகம் ஒரு புத்தகத்தின் பக்கங்களைப் போல் அடுக்கடுக்காக இருக்கிறது. இயந்திரம் ஒரு நாளில் அள்ளுவதை மீண்டும் எந்த அறிஞராலும் அடுக்கிவைக்க இயலாது.

அகழ்வுக்கு அனுமதி வழங்குமுன் தொல்லியலும் புவியியலும் அறிந்த ஒருவர் அந்த நிலத்தை நடந்து பார்த்தல் வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகம் செங்கலடிக்கு அருகே வந்தாறுமூலையில்தான் இருக்கிறது. அங்கிருந்து கரடியனாறு தூரமில்லை. படுவான்கரைப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் மாணவர்களைக் குளக்கரைக்கு அழைத்துச் சென்று, கல்லை எடுக்காமல் பார்க்கவும் குறிக்கவும் படம் வரையவும் பழக்கலாம். இதற்குச் செலவாவது ஒரு கொப்பியும் பென்சிலும்தான்.