நேரடி விற்பனை: பாரம்பரிய அரிசிக்கு விளம்பரம் எழுதுவது எப்படி?

பாரம்பரிய நெல்லை அரிசியாக்கி, வாட்ஸ்அப் மூலம் நேரடியாக விற்கும் விவசாயிகள் பலர் இருக்கிறார்கள். அவர்களின் விளம்பரங்களை வரிசையாகப் படித்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். '100 சதவிகிதம் இயற்கை', 'நஞ்சில்லா உணவு', 'முன்னோர் உணவு'. உண்மையாகவே தொழுவுரம் போட்டு விளைவித்தவரும் இதைத்தான் எழுதுகிறார்; சந்தையில் வாங்கிப் பை மாற்றி விற்பவரும் இதைத்தான் எழுதுகிறார். படிப்பவர் யாரை நம்புவார்?

வயலில் நின்றவருக்கு மட்டுமே தெரிந்த விவரங்களை எழுதுங்கள். உதாரணமாக:

"மாப்பிள்ளைச் சம்பா புழுங்கல் அரிசி, தீட்டாதது. எங்கள் ஒன்றரை ஏக்கரில் ஆவணிக் கடைசியில் நட்டு, தையில் அறுத்தது. அடியுரம் தொழுவுரம், பிறகு ஜீவாமிர்தம். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடவில்லை. அரைத்து 10 நாள் ஆகிறது. இரவே ஊற வைக்க வேண்டும். சாதம் பொன்னி போல மென்மையாக இருக்காது. வண்டுக்கு மருந்து வைக்கவில்லை, எனவே இரண்டு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்."

இதில் சரக்கை விற்றுக் கொடுப்பது கடைசி இரண்டு வரிகள்தான். குறையை எழுதினால் யார் வாங்குவார்கள் என்று தயங்க வேண்டாம். எழுதாமல் விட்டால், நகரத்தில் வாங்கியவர் வழக்கம்போல் குக்கரில் வைத்து, அரிசி வேகவில்லை என்று ஒதுக்கிவிடுவார். மறுமுறை வர மாட்டார். முன்பே சொல்லியிருந்தால் ஊற வைத்துச் சமைப்பார். அரைத்த தேதியும் அப்படித்தான். தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால், நாளானால் சிக்கு வாடை வரும். தேதியைப் பார்ப்பவர் அளவோடு வாங்குவார்.

விலையையும் பார்சல் கட்டணத்தையும் எண்ணாகவே போடுங்கள். 'விலைக்கு அழைக்கவும்' என்றால் பலர் அழைக்க மாட்டார்கள். படமும் உங்கள் வயலில் நீங்களே எடுத்ததாக இருக்கட்டும், கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒன்றை மட்டும் எழுதவே கூடாது. 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்ற வரி பல விளம்பரங்களில் இருக்கிறது. சிவப்பரிசியிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். உங்கள் வரியை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சட்டமும் இதை விடாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006, பிரிவு 53-ன்படி, தவறான தகவல் தரும் உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இணையத்தில் செய்வதும் விளம்பரம்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. யாரோ அனுப்பியதை நகல் எடுத்துப் போட்டேன் என்று தப்பிக்க முடியாது. நார்ச்சத்து, இரும்புச்சத்து அளவு குறிப்பிட விரும்பினால், உங்கள் அரிசியைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, வரும் எண்ணைப் போடுங்கள்.

'இயற்கை' என்ற சொல்லுக்கும் ஆதாரம் வேண்டும். சான்று பெறாதவர்கள் ஜைவிக் பாரத் முத்திரையைப் பயன்படுத்தக் கூடாது. தனியாகச் சான்று வாங்கச் செலவு அதிகம் என்பவர்களுக்குப் பி.ஜி.எஸ். முறை இருக்கிறது. குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் ஆய்வு செய்து சான்று பெறலாம். மாறிவரும் காலத்தில் இருப்பவர்களுக்கு 'பி.ஜி.எஸ். கிரீன்', முழுதும் மாறியவர்களுக்கு 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்'. இன்னும் கிரீன் நிலையில் இருந்தால் அதையே எழுதுங்கள். 'இரண்டாவது ஆண்டாக ரசாயனம் போடவில்லை' என்பது நல்ல விளம்பரம்.

பாக்கெட்டில் அடைத்து விற்பவர்கள் நிகர எடை, அடைத்த தேதி, அதிகபட்ச சில்லறை விலை, முகவரி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் ஆகியவற்றை அச்சிட வேண்டும். அந்த எண்ணை வாட்ஸ்அப் செய்தியிலும் சேர்த்துவிடுங்கள். கூடவே, வண்டு விழுந்த அரிசி போய்ச் சேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு வரி: மாற்றித் தருவீர்களா, பணம் தருவீர்களா, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும். செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.