செய்முறைக் குறிப்பின் வரலாறு: வலைச் சட்டகங்களும் அவற்றின் ஆவணங்களும்

1988-ஆம் ஆண்டு ‘ஜர்னல் ஆஃப் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்’ இதழில் கிளென் கிராஸ்னர், ஸ்டீபன் போப் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஸ்மால்டாக்-80 மொழியில் ‘மாடல், வியூ, கன்ட்ரோலர்’ என்ற முப்பிரிவு அமைப்பை எப்படிக் கையாள்வது என்பது அதன் பொருள். 1970-களின் இறுதியில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டிரிக்வே ரீன்ஸ்கௌக் வகுத்த அமைப்பு அது. ரெயில்ஸ், லாராவெல் போன்ற இன்றைய வலைச் சட்டகங்கள் அதன் வழிவந்தவை. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே செய்முறைக் குறிப்புகளின் தொகுப்பைக் குறிக்கும் ‘குக்புக்’ என்ற சொல் இருந்தது. சட்டகம் என்னும் மென்பொருள் வகை நிரலர்களுக்கு அறிமுகமான காலத்திலேயே செய்முறைக் குறிப்பும் உடன் வந்துவிட்டது. முழு ஆவணத்தைப் படிக்கப் பொறுமையற்றவர்களுக்காகப் பின்னாளில் சேர்த்த சலுகையாக அதைக் கருதும் வழக்கம் வரலாற்றோடு பொருந்தவில்லை.

சட்டகத்தின் இயல்பே அதற்குக் காரணம். நிரல் நூலகத்தில் வேண்டிய சார்பை நிரலர் தாமே அழைக்கிறார். அது எதை வாங்கும், எதைத் தரும் என்று எழுதியிருந்தால் வேலை நடக்கும். சட்டகத்தில் இது தலைகீழ்: நிரலர் எழுதும் துண்டை எப்போது, எந்த வரிசையில் ஓட்டுவது என்பதைச் சட்டகம் தீர்மானிக்கிறது. ஆகவே ஒவ்வொரு பாகத்தின் குணத்தையும் தனித்தனியே அறிந்தவருக்கும் பாகங்கள் சேரும் இடம் தெரியாமல் போகலாம். ரால்ஃப் ஜான்சன் 1992-இல் ஊப்ஸ்லா மாநாட்டில் அளித்த ஆய்வு இந்தச் சிக்கலை நேராக எடுத்துக்கொண்டது. ஹாட்டிரா என்ற வரைபடச் சட்டகத்தை எடுத்துக்காட்டாக வைத்து, சட்டகத்தைப் பயன்படுத்துவோர் திரும்பத் திரும்பச் சந்திக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கான வழியைச் சொல்லும் வடிவில் ஆவணம் அமைய வேண்டும் என்று அவர் காட்டினார். உள்ளமைப்பைப் பற்றிய விளக்கம் அதற்குப் பிறகு வந்தால் போதும் என்பது அவர் கொண்ட வரிசை.

படிப்பவரின் பக்கமிருந்தும் இதே முடிவு வந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில் ஜான் கேரல், புதிய கணினிப் பயனர்கள் கையேடுகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்தார். அவர்கள் முதல் பக்கத்திலிருந்து படிக்கவில்லை. கையிலிருந்த வேலையில் உடனே இறங்கி, சிக்கிய இடத்தில் மட்டும் கையேட்டைப் புரட்டினார்கள். இதைக் குறையாகக் கருதாமல், இயல்பான கற்கும் முறையாக ஏற்றுக்கொண்டு கையேட்டை எழுத வேண்டும் என்பது 1990-இல் வெளிவந்த ‘தி நியூரம்பர்க் ஃபனல்’ நூலின் சாரம்.

குறிப்புக்கு உறுதியான உருவம் தந்தது 1998-இல் டாம் கிறிஸ்டியன்சன், நேதன் டார்க்கிங்டன் எழுதி ஓரைலி வெளியிட்ட ‘பெர்ல் குக்புக்’. ஒவ்வொரு குறிப்பும் சிக்கல், தீர்வு, விளக்கம், மேலும் காண்க என்ற நான்கு பகுதிகளாக அமைந்தது. இந்த நான்கில் விளக்கப் பகுதிக்கே நான் முதலிடம் தருவேன். தீர்வு மட்டும் இருந்தால் நிரலர் அதை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வார். ஏன் இப்படி என்று சொல்லும் பத்தி இருந்தால்தான் தம் சூழலுக்கு ஏற்ப மாற்றுவார். 2002-இல் வந்த ‘பைத்தான் குக்புக்’ இன்னொரு படி சென்றது. ஆக்டிவ்ஸ்டேட் தளத்தில் நிரலர்கள் பலர் எழுதி அனுப்பிய குறிப்புகளை அலெக்ஸ் மார்டெல்லியும் டேவிட் ஆஷரும் தொகுத்துச் செப்பனிட்டார்கள். செய்து பார்த்தவர்களே எழுதுவது என்ற மரபு இதனால் வலுப்பட்டது.

2004 ஜூலையில் ரூபி ஆன் ரெயில்ஸ், 2005 ஜூலையில் ஜாங்கோ, அதே ஆண்டு அக்டோபரில் சிம்ஃபனி என்று வலைச் சட்டகங்கள் அடுத்தடுத்து வந்தன. பெர்ல் உலகின் கேட்டலிஸ்ட் தன் கையேட்டுக்குள்ளேயே குக்புக் என்றொரு பகுதியை வைத்தது. கேக்பிஎச்பி தன் அதிகாரபூர்வக் கையேடு முழுவதற்குமே அந்தப் பெயரைச் சூட்டியது. ரெயில்ஸுக்கு 2006-இல் சாட் ஃபவுலர் எழுதிய ‘ரெயில்ஸ் ரெசிபீஸ்’ அச்சு நூலாக வந்தது. ஆனால் சட்டகத்தின் வேகம் அச்சுக்கு இல்லை. 2007 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 2.0, அதுவரை உள்ளேயே இருந்த பக்கம் பிரிக்கும் வசதியைத் தனிச் செருகுநிரலாக வெளியே தள்ளியது. அச்சில் வந்துவிட்ட நிரல் வரியை இனி யாரும் திருத்த முடியாது. 2008-இல் ரெயில்ஸ் வழிகாட்டிகள் சட்டகத்தின் மூலநிரல் களஞ்சியத்துக்குள்ளேயே இடம்பெற்றதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

ஜாங்கோவின் கதை இன்னும் விரிவாகப் பேசத்தக்கது. கான்சஸ் மாநிலத்தின் ‘லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு’ செய்தித்தாளின் வலைப் பிரிவில் பிறந்த சட்டகம் அது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஏட்ரியன் ஹோலோவாட்டி இதழியல் படித்தவர். எழுத்துக்கு அங்கே கிடைத்த மதிப்புக்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். 2008 செப்டம்பரில் 1.0 பதிப்பு வருவதற்குச் சற்று முன், ஜேக்கப் கப்லன்-மாஸ் ஆவணங்களை மறுசீரமைத்தார். ஒரே அடுக்கில் கிடந்த கோப்புகள் தொடக்கப் பாடம், தலைப்பு வழிகாட்டி, உசாத்துணை, ‘எப்படிச் செய்வது’ என்று பிரிந்தன. நிரலிலிருந்து தானாக உருவாக்கப்படும் ஆவணம் ஏறக்குறையப் பயனற்றது என்று 2009-இல் அவர் எழுதினார்.

‘எப்படிச் செய்வது’ பிரிவிலிருந்து ஒரு குறிப்பை எடுத்துப் பார்க்கலாம்: தரவைச் சிஎஸ்வி கோப்பாகப் பயனருக்கு அனுப்புவது. பைத்தானின் சிஎஸ்வி கூறு, எழுதத்தக்க எந்தப் பொருளிலும் வரிசைகளை எழுதும். இது பைத்தான் உசாத்துணையில் இருக்கிறது. ஜாங்கோவின் எச்டிடிபி ரெஸ்பான்ஸ் பொருளில் ஒரு கோப்பில் எழுதுவது போலவே எழுதலாம். இது ஜாங்கோ உசாத்துணையில் இருக்கிறது. முன்னதிடம் பின்னதைக் கொடுத்தால் சில வரிகளில் வேலை முடியும் என்பது இரண்டு உசாத்துணைகளுக்கும் இடைப்பட்ட அறிவு. அதைச் சொல்வது செய்முறைக் குறிப்பு. உலாவி அதைப் பக்கமாகக் காட்டாமல் கோப்பாக இறக்க எந்த எச்டிடிபி தலைப்பு வரி வேண்டும், பல்லாயிரம் வரிசைகள் இருந்தால் சிறிது சிறிதாக அனுப்புவது எப்படி என்பதும் அதே பக்கத்தில் வருகின்றன.

இந்த வேலையில் தமிழ் நிரலருக்கு இன்னொரு படியும் உண்டு. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்ப் பெயர்களைக் கொண்ட சிஎஸ்வி கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் பெரும்பாலும் எழுத்துகள் சிதைந்து தெரியும். கோப்பின் தொடக்கத்தில் பைட் வரிசைக் குறி ஒன்றைச் சேர்த்தால் சரியாகும். இது சட்டகத்தின் குணமும் அன்று, சிஎஸ்வி கூறின் குணமும் அன்று. வேலை செய்பவரின் சூழலிலிருந்து வரும் அறிவு இது. குறிப்பில்தான் இதற்கு இயல்பான இடம் இருக்கிறது.

குறிப்பு பழுதாவதையும் இதே உதாரணம் காட்டுகிறது. உள்ளடக்க வகையைக் குறிக்கப் பழைய நிரல்களில் ‘மைம்டைப்’ என்ற அளவுருவை எழுதினார்கள். ஜாங்கோ 1.5 அதைக் கைவிடப்போவதாக அறிவித்தது, 1.7 நீக்கியது. அதிகாரபூர்வக் குறிப்பு சட்டகத்தோடு சேர்ந்து திருத்தம் பெற்றது. வெளியே யார் யாரோ நகலெடுத்து வைத்திருந்தவற்றைத் திருத்த ஆள் இல்லை. அவற்றை நம்பிய புதியவர்கள் பிழைச்செய்தியோடு மல்லுக்கட்டினார்கள்.

பின்னர் நடந்த இரண்டு நிகழ்வுகள் ஆய்வுக்கு உரியவை. சிம்ஃபனி 2 தன் ஆவணத்தில் புத்தகம், குக்புக் என்று தனித்தனிப் பிரிவுகளை வைத்திருந்தது. ஒரே பொருளைப் பற்றிய செய்திகள் இரண்டு இடத்தில் சிதறுவதால், 2016-இல் அந்தப் பிரிவினையை விட்டு எல்லாவற்றையும் பொருள்வாரியாக அடுக்கினார்கள். பெயர் போனாலும் குறிப்புகள் பொருள்களின் அருகில் இடம்பெற்றன; நல்ல முடிவு என்பது என் கருத்து. அதே ஆண்டு ஜூலையில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, எடுத்துக்காட்டுகளை மையமாக வைத்த பொது ஆவணத் திட்டமொன்றைத் தொடங்கி, 2017 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. ஏராளமானோர் எழுத முன்வந்தும் அது நிலைக்கவில்லை. கேட்டலிஸ்ட், ரெயில்ஸ், ஜாங்கோ மூன்றிலும் குறிப்புகள் ஒரு மென்பொருளுக்குப் பொறுப்பானவர்களின் கையில் இருந்தன. இங்கே அந்தப் பொறுப்பாளர் இல்லை.

டேனியலே புரோசிடா பின்னர் டயாடாக்சிஸ் என்ற பெயரில் ஆவணங்களைப் பாடம், செய்வழிகாட்டி, உசாத்துணை, விளக்கம் என நான்காக வகுத்தார். ஜாங்கோ சமூகத்தில் பணியாற்றியவர் அவர். பாடம் கற்பவருக்கு, செய்வழிகாட்டி வேலையில் இருப்பவருக்கு என்ற அவரது வேறுபாடு, கேரல் கவனித்ததற்கும் ஜான்சன் கேட்டதற்கும் தெளிவான கோட்பாட்டு வடிவம் தந்தது.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. புதிய வசதியோடு சோதனைகளும் ஆவணமும் சேர்ந்து வர வேண்டும் என்பது ஜாங்கோவின் விதி. ஆனால் ‘ஆவணம்’ என்றால் உசாத்துணைப் பத்தி ஒன்றைச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிட முடிகிறது. சட்டகங்களை நடத்துவோர் அந்த விதியைச் செய்முறைக் குறிப்புக்கும் நீட்டிக்க வேண்டும். குறிப்பிலுள்ள நிரலைச் சோதனைத் தொகுப்பில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டும். ஆவணத்துக்குள் எழுதிய எடுத்துக்காட்டை ஓட்டிச் சரிபார்க்கும் டாக்டெஸ்ட் 2001 முதல் பைத்தானுடனேயே வருகிறது. திறந்த மூலத் திட்டங்களில் பங்களிக்க விரும்பும் தமிழ் நிரலர்கள், தாங்கள் தீர்த்த ஒரு சிக்கலை விளக்கத்தோடு எழுதி, அந்தச் சட்டகத்தின் களஞ்சியத்துக்கே அனுப்ப வேண்டும்.