சிக்கிம்–திபெத் உடன்படிக்கை, 1890

சிக்கிமுக்கும் திபெத்துக்கும் இடையிலான எல்லையை வரையறுப்பதற்காகப் பிரிட்டிஷ் இந்திய அரசும் சீனாவின் சிங் பேரரசும் 1890 மார்ச் 17 அன்று கல்கத்தாவில் செய்துகொண்ட ஒப்பந்தம் இது. வணிகம், மேய்ச்சல், அலுவல் கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைப் பின்னர் பேசித் தீர்ப்பதாக இதில் ஒத்திவைத்தனர். அவற்றுக்கான விதிகள் 1893 டிசம்பர் 5 அன்று டார்ஜிலிங்கில் கையெழுத்தாயின. இரண்டு ஆவணங்களும் திபெத்தின் நிலத்தையும் சந்தையையும் பற்றியவை. ஆனால் இரண்டிலும் திபெத் அரசின் கையொப்பம் இல்லை. உடன்படிக்கை நடைமுறையில் தோற்றதற்கும், 1903–04-இல் திபெத்தின் மீது நடந்த பிரிட்டிஷ் படையெடுப்புக்கு அது இட்டுச் சென்றதற்கும் இதுவே முதன்மையான காரணம்.

பின்னணி

1861-இல் தும்லோங்கில் கையெழுத்தான ஒப்பந்தம் சிக்கிமை ஆங்கிலேயரின் பிடிக்குள் கொண்டுவந்தது. சிக்கிம் வழியே சாலை போடவும் வணிகம் செய்யவும் அவர்களுக்கு உரிமை கிடைத்தது. மன்னர் ஆண்டில் மூன்று மாதங்களுக்கு மேல் திபெத்தில் தங்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. சிக்கிம் அரச குடும்பத்துக்குத் திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கில் நிலமும் மாளிகையும் இருந்தன. மண உறவும் சமய உறவும் திபெத்தின் தலைநகரான லாசாவோடு நெடுங்காலமாகத் தொடர்ந்து வந்தன.

1881-இல் டார்ஜிலிங்குக்கு ரயில் வந்தபின் வணிகர்களின் பார்வை கணவாய்களுக்கு அப்பால் திரும்பியது. திபெத்திலிருந்து கம்பளி, கஸ்தூரி, கவரி வால் ஆகியவை வந்தன. இங்கிருந்து பருத்தித் துணியும் புகையிலையும் போயின. டார்ஜிலிங் தோட்டக்காரர்களின் கண் தேயிலைச் சந்தையின் மேல் இருந்தது. திபெத்தியர் அன்றாடம் பருகிய தேநீர், சீனாவின் செச்சுவானிலிருந்து வந்த கட்டித் தேயிலையில் ஆனது. அந்த வணிகத்தில் திபெத்திய மடங்களுக்கும் சீன அதிகாரிகளுக்கும் வருமானம் இருந்தது.

வங்க அரசின் செயலர் கோல்மன் மெக்காலே லாசாவுக்கு ஒரு தூதுக்குழுவை அழைத்துச் செல்லத் திட்டமிட்டார். பர்மாவைப் பிரிட்டன் இணைத்துக்கொண்டதைச் சீனா ஏற்றதற்கு ஈடாக, 1886-இல் இத்திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அதற்குள் திபெத்தியப் படையினர் ஜெலெப் லா கணவாயைக் கடந்து, சிக்கிமுக்குள் லிங்டு என்ற இடத்தில் அரண் எழுப்பிவிட்டனர். தூதுக்குழுவின் வழியை அடைப்பதே அவர்கள் நோக்கம். 1888 மார்ச்சில் பிரிகேடியர் ஜெனரல் கிரஹாம் தலைமையில் சென்ற படை அவர்களை அங்கிருந்து விரட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த மோதலோடு போர் ஓய்ந்தது.

உடன்படிக்கையின் கூறுகள்

பேச்சுவார்த்தை ஓராண்டுக்கு மேல் இழுத்தது. சீனத் தரப்பில் லாசாவிலிருந்த சிங் பேரரசின் பிரதிநிதியான அம்பான் ஷெங் தாயும், அவருக்குத் துணையாகச் சீனச் சுங்கத் துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்ட்டும் பேசினர். இறுதியில் வைஸ்ராய் லான்ஸ்டவுனும் ஷெங் தாயும் கையெழுத்திட்டனர். சிக்கிம் மன்னர் துதோப் நம்க்யாலுக்கு இதில் இடம் தரப்படவில்லை.

எட்டு உறுப்புகள் கொண்ட உடன்படிக்கையின் முதல் உறுப்பு எல்லையைச் சொல்கிறது. சிக்கிமின் தீஸ்தாவிலும் அதன் கிளையாறுகளிலும் விழும் நீரையும், திபெத்தின் மோச்சுவிலும் வடக்கேயுள்ள பிற ஆறுகளிலும் விழும் நீரையும் பிரிக்கும் மலைமுகடே எல்லை. அது பூட்டான் எல்லையிலுள்ள கிப்மோச்சி மலையில் தொடங்கி, நேபாள எல்லையைத் தொடும்வரை செல்லும். இரண்டாம் உறுப்பு சிக்கிமின் மீது பிரிட்டனுக்கு மட்டுமே மேலாதிக்கம் உண்டு என ஏற்றது.

வணிக விதிகள்

1893-இன் விதிகளின்படி சும்பிப் பள்ளத்தாக்கிலுள்ள யாதுங்கில் 1894 மே 1 அன்று சந்தை திறக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பெரும்பாலான சரக்குகளுக்குச் சுங்கம் இல்லை. படைக்கலம், உப்பு, மதுவகை, போதைப்பொருள் ஆகியவற்றைத் தடைசெய்யவோ தனி நிபந்தனை விதிக்கவோ இடம் இருந்தது.

பேரம் கடுமையாக நடந்தது தேயிலையில்தான். வரியற்ற ஐந்தாண்டுகளில் இந்தியத் தேயிலை திபெத்துக்குள் போகக் கூடாது. அதன்பின் போகலாம், ஆனால் இங்கிலாந்தில் சீனத் தேயிலைக்கு விதிக்கப்படும் அளவுக்கு மேற்படாமல் வரி கட்ட வேண்டும். அப்போது இங்கிலாந்தில் அந்த வரி பவுண்டு எடைக்கு 4 பென்னி. மலிவான கட்டித் தேயிலையோடு போட்டியிட வேண்டிய இந்தியத் தேயிலைக்கு அது பெருஞ்சுமை. எந்தத் தேயிலைக்காகத் தோட்டக்காரர்கள் இந்த ஒப்பந்தத்தை எதிர்பார்த்திருந்தார்களோ, அதற்கே கதவு அடைபட்டது.

மேய்ச்சல் பற்றிய விதி எளிய மக்களை நேரடியாகத் தொட்டது. வட சிக்கிமின் மேட்டுநிலங்களில் இரு பக்கத்து மந்தைகளும் எல்லை தாண்டி மேய்வது பழைய வழக்கம். சந்தை திறந்து ஓராண்டுக்குப் பின், சிக்கிமில் மந்தை மேய்க்கும் திபெத்தியர் பிரிட்டிஷ் அரசு போடும் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஆயிற்று. அந்த மேய்ப்பர்களிடம் யாரும் கேட்கவில்லை.

நடைமுறையில் நேர்ந்தவை

சிக்கிமிலிருந்த பிரிட்டிஷ் அரசியல் அதிகாரி ஜான் கிளாட் ஒயிட் 1894-இல் யாதுங்குக்குச் சென்றபோது சந்தை பெயரளவில்தான் இருந்தது. பள்ளத்தாக்கின் குறுக்கே திபெத்தியர் சுவர் எழுப்பிக் காவல் வைத்திருந்தனர். திபெத்தின் உள்நாட்டு வணிகர்களால் அதைத் தாண்டி வர முடியவில்லை. யாதுங்கில் சுங்கம் இல்லையென்றாலும், அதற்கு மேலே ஃபாரியில் சரக்கு மதிப்பில் பத்தில் ஒரு பங்கு வரியாகப் பிடிக்கப்பட்டது.

1895-இல் எல்லைத் தூண்கள் நடும் பணி தொடங்கியது. ஜெலெப் லாவில் நட்ட தூண் சில நாட்களிலேயே இடிக்கப்பட்டு, எண் பொறித்த பலகையும் அகற்றப்பட்டது. தாங்கள் கையெழுத்திடாத ஒப்பந்தம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்பதே லாசாவின் நிலை. வடக்கே கியாகோங் மேய்ச்சல் நிலத்தைத் திபெத்தியர் விட்டுக்கொடுக்கவில்லை. 1902-இல் ஒயிட் படையுடன் சென்று அவர்களை அங்கிருந்து வெளியேற்றினார்.

சீனாவோடு பேசிப் பயனில்லை என்று கண்ட வைஸ்ராய் கர்சன் தலாய் லாமாவுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பின. 1903-இல் பிரிட்டிஷ் அதிகாரி யங்ஹஸ்பண்ட் தலைமையில் தூதுக்குழு புறப்பட்டது. பின் அது படையெடுப்பாக மாறி, குரு என்ற இடத்தில் நூற்றுக்கணக்கான திபெத்தியரின் உயிரைக் குடித்து, லாசாவை எட்டியது. 1904 செப்டம்பர் 7 அன்று திபெத்தியர் கையெழுத்திட்ட லாசா உடன்படிக்கையின் முதல் உறுப்பே, 1890-இன் எல்லையை மதித்துத் தூண்கள் நட வேண்டும் என்பதுதான். யாதுங்கோடு கியாண்ட்சே, கார்தோக் சந்தைகளும் திறக்கப்பட்டன.

பிற்கால முக்கியத்துவம்

இந்தியாவும் சீனாவும் திபெத் வணிகம் குறித்து 1954-இல் செய்த ஒப்பந்தத்திலும் இதே மூன்று சந்தைகள் இடம்பெற்றன. 1962-இல் அது காலாவதியானது. சிக்கிம்–திபெத் எல்லையிலுள்ள நாதூ லா கணவாய் 2006-இல் வணிகத்துக்கு மீண்டும் திறக்கப்பட்டது.

1890-இன் சொற்களும் இன்றுவரை பூசலுக்கு இடம் தருகின்றன. 2017-இல் கிப்மோச்சிக்கு அருகிலுள்ள டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் இரண்டு மாதங்களுக்கு மேல் எதிரெதிரே நின்றபோது, கிப்மோச்சியில் எல்லை தொடங்குகிறது என்ற வாசகத்தைச் சீனா முன்வைத்தது. நீர் பிரியும் முகடே எல்லை என்ற வாசகத்தின்படி மூன்று நாடுகளின் எல்லைகளும் கூடும் முச்சந்தி அதற்கு வடக்கே பதாங் லாவில் அமைகிறது என்பது இந்தியா, பூட்டான் தரப்பு வாதம். அளந்து பார்க்காமல் எழுதிய ஒரே உறுப்பிலிருந்து இரண்டு வாதங்களும் பிறக்கின்றன. அந்த முச்சந்தியில் எல்லை கொண்ட பூட்டானும் 1890-இல் கல்கத்தாவில் கையெழுத்திடவில்லை.