முன்சக்கர பிரேக் உதறல்

மோட்டார் சைக்கிளின் முன் பிரேக்கைப் பிடிக்குங்கால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுந்தோறும் தவறாமல் மீண்டும் மீண்டும் எழுந்து, பிரேக் லீவரிலும் ஹேண்டில்பாரிலும் உணரப்படும் அதிர்வு முன்சக்கர பிரேக் உதறல் எனப்படும். டிஸ்க்கை மாற்றுவது இதற்குரிய வழக்கமான பரிகாரம். ஆயினும் பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த மீனவர் குப்பங்களைப் போன்ற உவர்நிலப் பகுதிகளில், டிஸ்க்கைக் கெடுத்த மூலகாரணத்தையும் உடன் களையாவிடில், புதிய டிஸ்க்கும் விரைவில் பழையதன் கதியையே அடையும்.

வரலாறு: டிஸ்க் பிரேக்குக்கு ஆங்கிலேயப் பொறியாளர் லான்செஸ்டர் 1902-இல் காப்புரிமை பெற்றார். 1969-இல் வெளிவந்த ஹோண்டா சி.பி. 750, திரவ அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக்கை முன்சக்கரத்தில் பெற்றிருந்தது. அதன்பின் மோட்டார் சைக்கிள்களில் இம்முறை பரவலாயிற்று. இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்கள் யாவற்றுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது.

காரணங்கள்: டிஸ்க்கின் தடிமன் சுற்றெங்கும் ஒரே அளவாக இராமையும், டிஸ்க் தன் தளத்தினின்று கோணிச் சுழல்வதும் உதறலின் முக்கிய காரணங்களாம். தடிமனில் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு வேறுபாடு இருப்பினும், தடித்த பகுதி டிஸ்க்கைக் கவ்வும் பேடுகளுக்கிடையே புகும்போதெல்லாம் அவை பிஸ்டனைப் பின்தள்ள, அந்த அழுத்தம் பிரேக் ஆயில் வழியாக லீவரை வந்தடைகிறது. டிஸ்க் கடும் உஷ்ணமடைந்துள்ள நிலையில் வண்டியை நிறுத்தி, லீவரை விடாது பிடித்திருந்தால், பேடின் பொருள் ஓரிடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு இதே விளைவை உண்டாக்கும்.

பழவேற்காட்டுச் சூழ்நிலை: திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தையும் தொட்டு விரிந்த இந்த உப்பங்கழியின் உவர்ப்பு, ஆரணியாறு முதலியவற்றின் நன்னீர் வந்து கலக்கும் மழைக்காலத்தில் குறைந்து, கோடையில் கடல்நீரின் உவர்ப்பையும் மிஞ்சும் இயல்பினது. கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் முதலிய ஊர்களில் ஈரமணலிலும் உவர்நீர் தேங்கிய தடங்களிலும் ஓடும் வண்டிகளில், மீன்பெட்டியின் கசிவுநீர் பெரும்பாலும் பின்சக்கரத்தைத் தாக்க, முன்சக்கரமோ உப்புக்காற்றையும் டயர் வாரியடிக்கும் சேற்றுநீரையும் ஏற்கிறது. மோட்டார் சைக்கிள் டிஸ்க் பெரும்பாலும் துருவேறா எஃகினால் ஆனதாயினும், உப்பிலுள்ள குளோரைடு அதிலும் நுண்குழிகளைத் தோற்றுவிக்க வல்லது. அன்றியும், இரவெல்லாம் நனைந்து நிற்கும் வண்டியில் பேடிலுள்ள இரும்புத் துகள்கள் துருப்பிடித்து டிஸ்க்கில் பேடின் வடிவத்திலேயே கறையாகப் படியும். பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் 'பின்'னும் பிஸ்டனும் உப்பால் இறுகிப்போனால், லீவரை விட்ட பின்னரும் பேடு உரசிக்கொண்டேயிருந்து டிஸ்க்கை ஒழுங்கற்றுத் தேய்த்துவிடும்.

பரிசோதனை: எல்லா உதறலும் டிஸ்க்கின் குற்றமன்று. முன் பிரேக்கை இறுகப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைக்கையில் 'டக்' என்ற ஒலி எழுமாயின், கோன் செட் (ஹேண்டில்பார்த் தண்டின் பேரிங்) தளர்ந்திருத்தலோ ஃபோர்க் தேய்ந்திருத்தலோ காரணமாகலாம். பிரேக் பிடியாதபோதும் அதிர்வு நீடிக்குமாயின் டயரையும் சக்கர பேரிங்கையும் ஆராய வேண்டும். இவை குறையற்றனவெனக் கண்டபின், மைக்ரோமீட்டரால் டிஸ்க்கின் தடிமனைப் பல இடங்களில் அளந்து, டயல் கேஜால் கோணலைக் காண்பது முறை. கோணலுக்கு 0.3 மி.மீ.யே உச்ச வரம்பெனப் பல கையேடுகள் கூறுகின்றன. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். லேத்தில் கடைந்து சரிசெய்வது, ஏற்கெனவே மெல்லியதான டிஸ்க்கை அவ்வரம்புக்கும் கீழே கொண்டுசெல்லக்கூடுமாதலால் விரும்பத்தக்கதன்று.

மாற்றும் முறை: வண்டியை உறுதியாகத் தாங்கி நிறுத்தி, காலிப்பரைக் கழற்றி, அது ஹோஸில் தொங்காவண்ணம் கட்டிவைத்து, பின்னர் சக்கரத்தை எடுத்தல் வேண்டும். பழைய டிஸ்க்கின் போல்ட்டுகளைச் சிறிது சிறிதாகவும் எதிரெதிராகவும் தளர்த்துக. அடுத்து வரும் வேலையே தலையாயது: ஹப்பில் டிஸ்க் பொருந்தும் முகத்தில் துருவோ உப்புப் பொருக்கோ எஞ்சியிருந்தால், புதிய டிஸ்க் அதன்மேல் கோணலாகவே அமரும், ஆதலின் அம்முகத்தை உலோகம் தெரியுமளவும் துடைத்தல் இன்றியமையாதது. சுழற்சித் திசையைக் காட்டும் அம்புக்குறி இருப்பின் அதற்கேற்ப டிஸ்க்கை வைத்து, புதிய போல்ட்டுகளைத் திரெட் லாக் இட்டு, கையேடு கூறும் டார்க் அளவுக்கு எதிரெதிராக இறுக்குக. ஏ.பி.எஸ். வண்டிகளில் சென்சார் வளையத்துக்கு ஊறு நேராமற் காத்தல் வேண்டும். டிஸ்க்கில் பூசியுள்ள காப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் நீக்கி, புதிய பேடுகளை இடுவதுடன், பிஸ்டனைத் துடைத்த பின்னரே உள்ளே தள்ளி, காலிப்பர் பின்களுக்கு அதற்கென உள்ள சிலிக்கோன் கிரீஸைத் தடவுதலும் அவசியம். வேலை முடிந்ததும், லீவர் கெட்டிப்படும் வரை பலமுறை அழுத்திய பின்னரே வண்டியைச் செலுத்தலாம்.

பின் பராமரிப்பு: முதல் நூறு கிலோமீட்டர்கள் வரையிலேனும் கடும் பிரேக்கைத் தவிர்த்து, மிதமாகப் பிடித்துப் பிடித்து விட்டால், பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று சீராகப் படியும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பது; டாட் 4 வகை புதிதாயிருக்கையில் குறைந்தது 230° செ. வரை கொதியாது நிற்க வேண்டுமென்பது விதி, ஈரமேறியபின் அவ்வரம்பு 155° ஆகும். ஆகவே இரண்டாண்டுக்கொருமுறை அதனை மாற்றுதல் நன்று. உவர்நிலத்தில் ஓடிய நாளில் ஆறிய டிஸ்க்கையும் காலிப்பரையும் நன்னீரால் கழுவி, சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கைப் பிடித்து ஈரம் உலர்த்திய பின் நிறுத்துவது, செலவின்றி டிஸ்க்கின் ஆயுளை நீட்டிக்கும் உபாயமாகும்.