வண்டிக்கு அடியில் ஒரு தகடு

போன செமஸ்டர் லீவில் கிளிநொச்சியில் மாமாவின்ர கராச்சில் நாலைந்து நாள் நிண்டன். அப்ப ஒருவர் பழைய ஹைலக்ஸ் பிக்கப் ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். வயல் பாதையில் கல் அடிச்சு ஒயில் சம்ப் வெடிச்சுப் போச்சு. சம்பை மாத்திறதோட அடியில் ஒரு தகடும் போட்டுத் தரச் சொன்னார். கடையில் விக்கிற தகட்டுக்கு அவரிட்டக் காசு இல்லை. மாமா பழைய இரும்புக்குள் கிடந்த 4 மில்லிமீற்றர் தகடு ஒன்றை எடுத்தார். முதலில் காட்போட் மட்டையில் அளவு வெட்டி, வண்டிக்கு அடியில் படுத்துப் பிடிச்சுப் பார்த்து, அதுக்குப் பிறகுதான் இரும்பில் கை வைச்சார். முன்விளிம்பை மேல்நோக்கி வளைச்சார். ஒயில் இறக்க ஒரு ஓட்டை, காத்துப் போக நாலு வெட்டு, கழட்டிப் பூட்ட போல்ட்.

கடைசியாகத் தகட்டை நடுவில் லேசாக மடிச்சார்.

"ஏன் மாமா, தட்டையா விட்டா என்ன?"

"மடிச்சாத்தான் விறைப்பா நிக்கும். கல்லும் பக்கத்தால வழுக்கிப் போகும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வண்டிக்கு அடியில் கிடந்தபடியே சொன்னார்: "பவலும் உப்பிடித்தானே."

எங்கட வயதுக்காரருக்குப் பவல் எண்டது அம்மா அப்பாவின்ர கதைகளில் வாற ஒரு சொல். ரோட்டில் பவல் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கி நிக்கவேணும். உயரமான வண்டி. மேலே இருந்து துவக்குகள் பார்க்கும். மாமா சொன்னது மண்டைக்குள் நிண்டபடியால், அந்த மடிப்பு எங்கயிருந்து வந்தது எண்டு தேடத் தொடங்கினன்.

அது ரொடீசியாவுக்குப் போய் முடிஞ்சது. இன்றைய சிம்பாப்வே. 1965இல் அங்கிருந்த வெள்ளைச் சிறுபான்மை அரசு, பெரும்பான்மை ஆபிரிக்க மக்களுக்கு ஆட்சியில் உரிய இடம் கொடுக்க மறுத்து, பிரித்தானியாவிடமிருந்து தன்பாட்டில் சுதந்திரம் அறிவித்தது. ஐ.நா. பொருளாதாரத் தடை போட்டது. 1972இன் முடிவிலிருந்து விடுதலைப் போராளிகளின் கெரில்லாப் போர் தீவிரமானது. மண் பாதைகளில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. சோவியத் தயாரிப்பான வாகனக் கண்ணிவெடி ஒன்றில் 5 கிலோவுக்கு மேல் வெடிமருந்து இருக்கும். சாதாரண லான்ட் ரோவருக்கு அது போதும்.

தடையால் வெளியில் கவச வாகனம் வாங்குவது கஷ்டம். அதனால் தொடக்கம் எங்கட கராச் மாதிரித்தான். தரையில் மணல் மூட்டை அடுக்கினார்கள். சுரங்கங்களில் ஓடுற தடிச்ச றப்பர் பட்டியை வெட்டி விரித்தார்கள். ரயருக்குள் காத்தோடு தண்ணியும் நிரப்பினார்கள். வண்டிக்கு அடியில் இரும்புத் தகடு பூட்டினார்கள்.

ஆனால் தட்டைத் தகட்டில் ஒரு பிரச்சினை இருந்தது. கீழே வெடித்தால் அந்த வேகம் முழுவதையும் அது நேராக வாங்கும். தகடு கிழியாவிட்டாலும் வண்டியே தூக்கி எறியப்படும். நடுவில் மடித்து, ஓடத்தின் அடிப்பக்கம் மாதிரி சரித்தால், வேகத்தில் ஒரு பங்கு இரண்டு பக்கத்தாலும் விலகிப் போகும். நிலத்திலிருந்து உயரம் கூடக் கூடத் தாக்கமும் குறையும். 1974இல் ஏர்னஸ்ற் கொன்ஷல் என்ற பொறியியலாளர் இதையெல்லாம் சேர்த்து 'லெப்பர்ட்' என்ற வாகனத்தை வடிவமைத்தார். எஞ்சின் வோக்ஸ்வாகன் கொம்பி வானுடையது. ஆட்கள் இருக்கும் பெட்டிக்கு அடி மடிந்து சரிந்தது. சில்லுகள் பெட்டியை விட்டுத் தள்ளி இருந்தன. வெடித்தால் சில்லுப் பகுதி உடைந்து பறக்கும், உள்ளே பெல்ட் போட்டிருப்பவர் பிழைப்பார்.

இந்த இடம் வரைக்கும் வாசிக்கும்போது எனக்கும் அந்த மூளையில் ஒரு மதிப்பு வந்தது. இணையத்தில் இருக்கிற பல கட்டுரைகள் இந்த இடத்தோட நிண்டுவிடும். கதையின் மற்றப் பாதி இதுதான்: அதே 1974இலிருந்து அதே அரசு, போராளிகள் வாற வழியை அடைக்கவெண்டு தன் எல்லைகளில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்குக் கண்ணிவெடி வயல்களை விதைத்தது. பெரும்பாலும் காலால் நடப்பவரைக் குறிவைத்த வெடிகள். எல்லையோரத்தில் மாடு மேய்க்கிறவருக்கும் தண்ணி எடுக்கப் போறவருக்கும் அடியில் எந்தத் தகடும் இல்லை. பாதைகளில் போராளிகள் புதைத்த வெடிகளில் பஸ்கள் சிக்கியும் ஆபிரிக்கச் சனம் செத்தது. 1980இல் நாடு விடுதலை அடைந்தது. அதற்கு 40 வருசத்துக்குப் பிறகும் அந்த எல்லைகளில் வெடி அகற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மடிப்பு மட்டும் நாடு கடந்து போச்சு. நமீபியாவிலும் அங்கோலாவிலும் போர் நடத்திய நிறவெறித் தென்னாபிரிக்கா, யூனிமொக் லொறியின் செஸியில் மடிந்த அடியோட ஒரு பெட்டியை ஏற்றியது. பெயர் 'பஃபல்', ஆபிரிக்கான்ஸ் மொழியில் எருமை. கூரையில்லாத பெட்டிக்குள் பத்துப் பேர், முதுகோடு முதுகு, வெளியே பார்த்தபடி. 1980களில் இலங்கை இராணுவம் அதை வாங்கியது. பிறகு அதைப் பார்த்து 'யுனிகோர்ன்' எண்டு இங்கேயே செய்தது. எங்கட சனம் எல்லாத்தையும் சேர்த்துப் பவல் எண்டது.

எங்கட தமிழில் இதுக்கு இரண்டு சொல் இருப்பதை முந்தி நான் யோசிச்சதில்லை. வாகனத்துக்கு வைப்பதைக் கண்ணிவெடி எண்டுவம், காலுக்கு வைப்பதை மிதிவெடி எண்டுவம். முதலாவதுக்குப் பதிலாக அடிமடிந்த வண்டிகள் வந்தன. இரண்டாவதுக்கு வந்தது மண்டையோட்டுப் பலகை, பிறகு ஜெய்ப்பூர் கால். இங்க இரண்டு தரப்பும் மிதிவெடி விதைத்தன. முகமாலையில் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிண்டியவர்களில் எங்கட ஊர்ப் பெண்கள் நிறையப் பேர். மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை சேர்ந்தது 2017இல்தான்.

வகுப்பில் தொழில்நுட்பத்தின் வரலாற்றை யார் கண்டுபிடித்தார், எப்போது என்ற வரிசையில் படிக்கிறம். ஆருக்காகச் செய்தது, அது இல்லாமல் ஆர் நடந்தது எண்டும் சேர்த்துக் கேட்கவேணும். கேட்டால் லெப்பர்டின் கதைக்குள் எல்லையில் மாடு மேய்த்தவரும் வருவார்.

பின்னேரம் பிக்கப்காரர் வந்து குனிந்து தகட்டைக் கையால் தட்டிப் பார்த்தார். அவர் நெல் ஏத்திற பாதையில் சில வருசத்துக்கு முந்தி வரைக்கும் சிவப்புப் பலகை நிண்டது எண்டு மாமா சொன்னார். இப்ப அங்க பயப்பிடக் கல்லு மட்டும்தான். மாமா கையைத் துடைச்சுக்கொண்டு, "மாரி முடியக் கொண்டு வாங்கோ, போல்ட்டை ஒருக்கா இறுக்கித் தாறன்" எண்டார்.