படக்கருவியும் ஆமிஷ் மக்களும்

1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் தாகர் என்பார் கண்ட புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அன்று தொட்டுத் தம் உருவைப் படமாகக் காண விழையாதவர் அரியர் எனலாம். ஆயினும் வட அமெரிக்காவில் வாழும் ஆமிஷ் மக்களும், பழைய நெறி வழுவாத மென்னோனைட்டு மக்களும் அவ்விழைவைத் துறந்தவர்கள். அவர்களைப் படம் பிடித்தல் முறையாகுமா என்னும் வினா சட்டத்தையும் பண்பையும் ஒருங்கே தொட்டு நிற்பதாகும்.

இவர்தம் வரலாறு 1525இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் தொடங்குகிறது. அறிந்து ஏற்கும் பருவத்தில் பெறுவதே மெய்யான திருமுழுக்கு என்றுரைத்த சிறு குழுவினர் கொடுந்துன்பங்களுக்கு ஆளாயினர். 1536இல் கத்தோலிக்கக் குருப்பணியைத் துறந்து அவ்வழி சேர்ந்த மென்னோ சைமன்சின் பெயரால் மென்னோனைட்டுகள் எனப்பட்டனர். 1693இல் யாக்கோப் அம்மானைப் பின்பற்றிப் பிரிந்தோரே ஆமிஷ் மக்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இவர்கள் பென்சில்வேனியாவில் குடியேறினர்.

உருவம் சமைத்தலாகாது என்னும் விவிலியக் கட்டளையும், தன்னை முன்னிறுத்துதல் செருக்கு என்னும் எண்ணமுமே இவர்தம் மறுப்புக்கு அடிப்படை. எனினும் அனைவரும் ஒரே அளவில் மறுப்பவரல்லர். இன்றைய மென்னோனைட்டுகளுள் பெரும்பாலோர் பிறரைப் போலவே படம் எடுத்துக்கொள்கின்றனர். ஆமிஷ் மக்களிலும், திருமுழுக்குப் பெறாத சிறுவரைப் படம் எடுப்பதைப் பொறுத்துக்கொள்ளும் பெற்றோர் உளர்.

1965ஆம் ஆண்டு நவம்பரில் அயோவா மாநிலத்தின் ஹேசில்டன் ஊரருகே ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஆமிஷ் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு ஏற்றிச்செல்ல அதிகாரிகள் பேருந்துடன் வந்தனர். அஞ்சிய பிள்ளைகள் மக்காச்சோளக் கொல்லைக்குள் ஓடினர். நாளிதழ்ப் புகைப்படக்காரர் எடுத்த அக்காட்சி நாடெங்கும் வெளியாகி மக்கள் மனத்தை உருக்கியது. 1967இல் அம்மாநிலச் சட்டமன்றம் ஆமிஷ் பள்ளிகளுக்கு விலக்குப் பெற வழிவகுத்தது.

மறுப்பை மீறிய படமே அவர்களைக் காத்தது என்று சிலர் வாதிடலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் அப்படத்தின் பொருள் அதிகாரத்தின் செயல். அம்மக்களின் கோலம் அன்று. குதிரை வண்டியை நெருங்கிச் சென்று, உள்ளிருப்போர் முகம் திருப்பியும் விடாது படம் எடுக்கும் சுற்றுலாப் பயணிக்கு அத்தகைய காரணம் யாதுளது? பொதுவிடத்தில் படம் எடுத்தலை அமெரிக்கச் சட்டம் தடுப்பதில்லை என்பது மெய்யே. சட்டம் தடுக்காதன எல்லாம் தக்கன ஆகிவிடா.

இங்கே 1972ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று நினையத்தக்கது. விஸ்கான்சின் மாநிலத்தில் ஆமிஷ் தந்தையர் இருவருக்கும் மென்னோனைட்டுத் தந்தை ஒருவருக்கும், பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பாமைக்காகத் தலைக்கு 5 டாலர் தண்டம் விதிக்கப்பட்டிருந்தது. எட்டாம் வகுப்புக்குமேல் அவர்களைக் கட்டாயப்படுத்தலாகாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி என்னும் பெருநோக்கே அவர்தம் மனச்சான்றுக்கு வழிவிட்டதென்றால், வேடிக்கை நோக்கு வழிவிடலாகாதோ?

வேறு வழியும் உண்டென்பதற்குக் கனடா நாட்டுப் புகைப்படக் கலைஞர் லேரி டவல் சான்றாவார். மெக்சிகோவிலிருந்து ஒண்டாரியோவுக்குப் பண்ணை வேலை நாடி வந்த பழைமைபேணும் மென்னோனைட்டுக் குடும்பங்களோடு அவர் நட்புப் பூண்டார். அவர்களோடு மெக்சிகோவுக்கும் சென்றார். அந்நட்பே படமெடுக்க வாயில் திறந்தது. 1990களில் எடுத்த அப்படங்கள் 2000ஆம் ஆண்டில் நூலாயின.

கண்ணோட்டம் என்னும் தமிழ்ச்சொல் பார்வையையும் குறிக்கும், இரக்கத்தையும் குறிக்கும். படக்கருவி ஏந்துவோர்க்கு இரண்டும் வேண்டும். இசைவு கேட்டல் முதற்கடமை. மறுத்தால் கருவியைத் தாழ்த்துதல் அடுத்த கடமை.