வென்றவருக்குக் கிடைக்காத கிண்ணம்: வெண்டல் ஸ்கொட்டின் கதை

வெண்டல் ஸ்கொட்டின் பந்தயக் கணக்கை ஒரு வரியில் எழுதி முடித்துவிடலாம். 495 பந்தயங்கள், 1 வெற்றி. இந்த இரண்டு எண்களையும் மட்டும் பார்த்தால் "ஆள் பெரிய கெட்டிக்காரன் இல்லைப் போல" என்றுதான் எவருக்கும் தோன்றும். வரலாறு படிக்கிற எங்களுக்கு முதலாம் வருஷத்திலேயே சொல்லித்தருகிற பாடம் ஒன்று இருக்கிறது: ஒரு பதிவை வாசிக்க முதல், அதை எழுதினது யார் என்று கேள். ஸ்கொட்டின் அந்த ஒரேயொரு வெற்றியை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பம்.

ஸ்கொட் 1921 ஓகஸ்ட் 29 அன்று வேர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் என்ற ஊரில் பிறந்தவர். அந்த ஊருக்கு ஒரு பழைய 'பெருமை' இருந்தது. 1865 இல் உள்நாட்டுப் போர் முடிகிற நேரம், அடிமை முறையைக் காப்பாற்றச் சண்டை பிடித்த தென் மாநிலங்களின் அரசு ரிச்மண்டை விட்டு ஓடிவந்து சில நாட்கள் தங்கியது இங்கேதான். ஸ்கொட் பிறந்தபோது போர் முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது. ஆனாலும் பள்ளிக்கூடம், பஸ், சாப்பாட்டுக்கடை, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றிலும் வெள்ளையருக்கு ஒரு பக்கம், கறுப்பருக்கு இன்னொரு பக்கம். இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள்.

டான்வில்லில் வேலை என்றால் ஒன்றில் துணி ஆலை, இல்லாவிட்டால் புகையிலைத் தொழிற்சாலை. இரண்டிலும் தலைக்கு மேலே ஒரு முதலாளி நிற்பான். அப்படி இன்னொருவனுக்குக் கீழே நின்று காலத்தைக் கழிக்கிறதில்லை என்று ஸ்கொட் இளவயதிலேயே முடிவெடுத்துவிட்டார். தகப்பன் வாகனம் ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் வேலை செய்தவர். அவரிடமிருந்துதான் மகனுக்கு எஞ்சின் வேலை வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஸ்கொட் ஐரோப்பாவுக்குப் போனார். இராணுவத்திலும் கறுப்பருக்குத் தனிப் பிரிவுதான். அங்கேயும் வாகனம் திருத்துகிற வேலை. ஹிட்லரின் இனவாதத்துக்கு எதிராகச் சண்டைக்குப் போன படை, தன் சொந்தச் சிப்பாய்களையே தோலின் நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்தது.

போர் முடிந்து வந்தவர் டாக்சி ஓட்டினார், ஒரு கராச் நடத்தினார். அது குடும்பத்துக்குக் காணவில்லை. அதனால் இரவில் கள்ளச் சாராயம் கடத்தினார். எங்கட ஆக்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், கசிப்பு. மலைப்பக்கத்தில் காய்ச்சினதைக் காரில் ஏற்றிக்கொண்டு, பொலிசுக்குப் பிடிபடாமல் இருட்டில் வளைந்து வளைந்து ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வெளியில் பார்த்தால் அது சாதாரணக் கார்தான், ஆனால் உள்ளே எஞ்சினைக் கைவைத்து மாற்றியிருப்பார்கள். ஸ்கொட் 1949 இல் ஒருதரம் பிடிபட்டு, மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கவேண்டி வந்தது.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தயமே இந்த ரோட்டுகளில் இருந்து வந்ததுதான். பில் பிரான்ஸ் என்பவர் 1948 இல் அதை ஒரு அமைப்பாக்கினார். அதில் ஓடின முதல் தலைமுறை ஓட்டுநர்களில் கனபேர் சாராயம் கடத்திப் பழகின ஆக்கள். பின்னாளில் வெள்ளை ஓட்டுநர்களுக்கு அந்தக் கடத்தல் கதையே வீரக்கதையாகி நாஸ்காரின் புராணத்தில் சேர்ந்துவிட்டது. ஸ்கொட் படித்ததும் அதே பள்ளிக்கூடத்தில்தான். வாசல்தான் அவருக்குத் திறக்கவில்லை.

அவர் பந்தயத்துக்குள் வந்த கதையே ஒரு வேடிக்கை. 1952 இல் டான்வில்லில் பந்தயம் நடத்துகிற ஆக்களுக்குச் சனம் காணாது. கறுப்பு ஓட்டுநர் ஒருவரை இறக்கினால் புதினம் பார்க்கச் சனம் வரும் என்று யோசித்தார்கள். ஆளை எங்கே தேடுகிறது? பொலிசிடமே போய்க் கேட்டார்கள். பொலிஸ் சொன்ன பெயர் வெண்டல் ஸ்கொட். கலைத்துக் கலைத்துப் பார்த்தவர்களுக்குத்தானே அவருடைய வேகம் தெரியும்!

முதல் நாள் கார் இடையில் பழுதாகி நின்றுவிட்டது. பார்க்க வந்தவர்களில் சிலர் கூச்சல் போட்டார்கள். ஆனால் அன்றைக்கே தன் வேலை இதுதான் என்று ஸ்கொட்டுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்ததாகக் காரை இழுத்துக்கொண்டு நாஸ்கார் பந்தயத்துக்குப் போனார். கறுப்பர் ஓட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் சோர்ந்துபோகவில்லை. நாஸ்காருக்கு வெளியே நடந்த சின்னச் சின்னப் போட்டிகளில் ஓடி வென்று பெயர் எடுத்தார். பிறகு ரிச்மண்டில் ஒரு உள்ளூர் அதிகாரி அவருக்கு நாஸ்கார் அனுமதிப்பத்திரம் கொடுத்தார். மேலிடத்தில் இருந்தவர்கள் முடிவெடுத்துத் திறந்த கதவு இல்லை அது. ஒரு சின்ன அதிகாரி போட்ட கையெழுத்து. 1959 இல் ஸ்கொட் வேர்ஜீனியா மாநிலச் சம்பியனானார். 1961 இல் நாஸ்காரின் உச்சப் பிரிவான கிராண்ட் நஷனலுக்குள் வந்தார்.

கார்ப் பந்தயம் காசு விளையாட்டு. அந்தக் காலத்தில் முன்னுக்கு நின்ற ஓட்டுநர்களுக்குப் பின்னால் ஃபோர்ட், கிறைஸ்லர் போன்ற கம்பனிகள் நின்றன. அவர்களுக்குப் புதுக் கார், புது எஞ்சின், சம்பளத்துக்கு மெக்கானிக்குகள் எல்லாம் இருந்தன. ஸ்கொட்டுக்குப் பின்னால் நின்றது அவருடைய மனைவி மேரியும் ஏழு பிள்ளைகளும். மகன்மார்தான் ரயர் கழற்றிப் பூட்டினார்கள், அவர்தான் எஞ்சின் பார்த்தார். கார் அநேகமாக மற்றவர்கள் ஓடிப் பழசாக்கினதுதான். பந்தயத்துக்குப் போகிற வழியில் பல ஹொட்டல்களில் அறை கொடுக்க மாட்டார்கள், பல கடைகளில் சாப்பாடு தர மாட்டார்கள். சவுத் கரோலைனாவின் டார்லிங்டன் ஓடுபாதை பல வருஷமாக அவரை உள்ளேயே எடுக்கவில்லை. ஓடுகிற இடங்களிலும் சில ஓட்டுநர்கள் வேண்டுமென்றே அவருடைய காரில் இடித்தார்கள். திருப்பி இடித்தால் பழி முழுக்கத் தன்மேல்தான் விழும் என்று அவருக்குத் தெரியும். காரை உடைத்துக்கொண்டால் அடுத்த கிழமை ஓட இன்னொரு காரும் இல்லை. எல்லோரும் அப்படி என்றும் இல்லை. கார் விற்றவர்கள், சாமான் கொடுத்து உதவின ஓட்டுநர்கள் என்று வெள்ளையர்களிலும் அவருக்குச் சிநேகிதர்கள் இருந்தார்கள்.

இனி 1963 க்கு வருவம். அந்த வருஷம் ஜூன் 10 அன்று, அவருடைய சொந்த ஊரான டான்வில்லில் சம உரிமை கேட்டு நின்ற கறுப்பின மக்களைப் பொலிஸ் பொல்லாலும் தண்ணீர் பீய்ச்சியும் அடித்தது. அந்த நாளை இன்றைக்கும் 'இரத்தத் திங்கள்' என்கிறார்கள். ஓகஸ்டில் வொஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசினார். நவம்பர் 22 இல் ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டார். அதற்கு ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 1 அன்று, புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஒரு பந்தயம். அரை மைல் மண் ஓடுபாதை, 200 சுற்று.

ஸ்கொட் 15 ஆவது இடத்தில் தொடங்கினார். நெட் ஜரெட் என்ற ஓட்டுநரிடம் வாங்கின ஷெவர்லே கார், இலக்கம் 34. பாதை குண்டும் குழியுமாகக் கிடந்ததால் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகின. ஸ்கொட் காரைக் காப்பாற்றிக் காப்பாற்றி ஓடினார். இன்னும் 25 சுற்று இருக்கும்போது, முன்னுக்கு ஓடின ரிச்சர்ட் பெற்றியின் காரும் மக்கர் பண்ண, ஸ்கொட் அவரைத் தாண்டினார். 200 ஆவது சுற்றும் முடிந்தது. வென்றவருக்குக் காட்டுகிற கறுப்பு வெள்ளைக் கட்டக்கொடி அசையவில்லை. அவர் தொடர்ந்து ஓடினார். 202 சுற்று ஓடின பிறகு கொடி காட்டினார்கள், பக் பேக்கர் என்ற வெள்ளை ஓட்டுநருக்கு. பேக்கர் அவருக்கு இரண்டு சுற்றுப் பின்னால் இருந்தவர்.

கிண்ணம் பேக்கருக்கு, படம் எடுத்ததும் பேக்கரைத்தான். ஸ்கொட் விடவில்லை, சுற்றுகளைத் திரும்ப எண்ணச் சொன்னார். அப்போது கணினி இல்லை, ஆட்கள் உட்கார்ந்து கையால் எண்ணிக் குறிக்கிற கணக்கு. சில மணித்தியாலம் கழித்து, சனமெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, "கணக்கில் பிழை, வென்றது நீதான்" என்று சொல்லிப் பரிசுக் காசு 1,000 டொலரைக் கொடுத்தார்கள். கிண்ணம் ஏற்கெனவே பேக்கரோடு போய்விட்டது. ஒரு மாதம் கழித்து ஸ்கொட்டுக்கு ஒரு சின்ன மரக் கிண்ணம் கொடுத்தார்கள்.

அது உண்மையிலேயே எண்ணினதில் வந்த பிழையா? நாஸ்கார் அப்படித்தான் சொன்னது. கையால் எண்ணுகிற கணக்கில் பிழை வருகிறது அந்தக் காலத்தில் புதினம் இல்லை. ஆனால் ஸ்கொட் கடைசிவரை அதை நம்பவில்லை. வென்றவருக்கு வெள்ளை அழகுராணி முத்தம் கொடுக்கிறது அந்தக் காலத்து வழக்கம். கறுப்பர் ஒருவருக்கு அந்த முத்தம் கிடைக்கிறதைத் தென் மாநிலத்துச் சனத்தின் முன்னால் காட்ட அவர்கள் விரும்பவில்லை என்பதுதான் அவருடைய விளக்கம். எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது இன்னொன்று. பிழை திருத்தப்பட்ட நேரத்தைப் பாருங்கள். பார்த்த கண்கள் எல்லாம் போன பிறகு, படம் எடுக்க ஆள் இல்லாத நேரத்தில் திருத்தினார்கள். தாளில் திருத்தினார்கள், சனத்தின் ஞாபகத்தில் திருத்தவில்லை. இன்றைக்கு 495 க்குப் பக்கத்தில் இருக்கிற அந்த '1' கூட, அவர் நின்று வாதாடி வாங்கினது.

அதற்குப் பிறகும் கம்பனிகள் எதுவும் அவருக்குக் கார் கொடுக்கவில்லை. கறுப்பர் ஒருவர் உச்சப் பிரிவில் வென்ற செய்தியை விளம்பரப்படுத்த யாருக்கும் அவசரமும் இருக்கவில்லை. இருந்தும் 1966 இல் முழு வருஷத்துப் புள்ளிப் பட்டியலில் ஆறாவதாக வந்தார். மொத்தத்தில் 147 தரம் முதல் பத்துக்குள் முடித்திருக்கிறார். பழைய காரோடும் சொந்தப் பிள்ளைகளோடும் 147 தரம் என்றால், அந்த 495 ஐ இனி வேறு மாதிரி வாசிக்க வேண்டும்.

1973 இல் கடன்பட்டு ஒரு நல்ல கார் வாங்கினார். அலபாமாவின் டலடேகாவில் பல கார்கள் மோதின பெரிய விபத்தில் அந்தக் காரும் போனது, அவருடைய இடுப்பெலும்பும் விலா எலும்புகளும் காலும் முறிந்தன. வயது 51. அதே வருஷம் இன்னொரு பந்தயம் ஓடிவிட்டு நிறுத்தினார். 1977 இல் ரிச்சர்ட் பிரையர் நடித்து அவருடைய வாழ்க்கை படமாக வந்தது. அவரோ டான்வில்லில் தன் கராச்சில் வாகனம் திருத்திக்கொண்டிருந்தார். 1990 டிசம்பர் 23 அன்று இறந்தார்.

2015 இல் நாஸ்கார் அவரைத் தன் புகழ்மண்டபத்தில் சேர்த்தது. 2021 ஓகஸ்ட் 28 அன்று, அவருடைய நூறாவது பிறந்தநாளுக்கு முதல்நாள், ஜாக்சன்வில் கிண்ணத்தின் பிரதி ஒன்றை டேடோனாவில் வைத்துக் குடும்பத்திடம் கொடுத்தார்கள். அந்த அக்டோபரில் பபா வொலஸ் டலடேகாவில் வென்றார். உச்சப் பிரிவில் ஸ்கொட்டுக்குப் பிறகு ஒரு கறுப்பு ஓட்டுநர் வென்றது அதுதான் முதல் தடவை. இடையில் போனது கிட்டத்தட்ட 58 வருஷம்.

"திறமை இருந்தால் எவரும் மேலே வரலாம்" என்று சொல்பவர்களுக்கு இந்த 58 ஐக் காட்டலாம். ஸ்கொட்டுக்குத் திறமை இருந்தது, உழைப்பும் இருந்தது, குடும்பமே கூட நின்றது. அவ்வளவும் இருந்தும் ஒரு ஆள்தான் உள்ளே போக முடிந்தது, அந்த ஆளுக்கும் கொடியை அசைக்க மறுத்தார்கள். அவருக்குப் பின்னால் வந்திருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் ஓடாத பந்தயங்களை யாரும் எண்ணவில்லை.